ஓய்வுக்காலத்தின் ஏழு நாள்கள்: லண்டன் தமிழ் முதியோரின் பணியும் பொழுதும்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டுப் புறப்பட்டு லண்டனில் குடியேறிய தமிழர்கள் அன்று பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். அவர்கள் இன்று அறுபதைத் தாண்டி, ஒருவர் பின் ஒருவராகப் பணி ஓய்வு பெற்று வருகின்றனர். அவர்களுக்கு முன்னரே, 1950களிலிருந்து 70கள் வரையில், மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் மாணவராகவும் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து சேர்ந்தோர் ஓய்வுக்காலத்தின் பிற்பகுதியை அடைந்துவிட்டனர். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங், குரோய்டன் போன்ற லண்டன் பகுதிகளில் வாழ்கின்றனர். வந்த நாளிலிருந்து உழைப்பையே அடையாளமாகக் கொண்டிருந்த இச்சமூகத்தில், அலுவலகமும் கடையும் இரவுப் பணியும் இல்லாத ஏழு நாள்களை எவ்வாறு வகுத்துக்கொள்வது என்னும் கேள்வி இப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முன் நிற்கிறது.

இக்கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. வாழ்நாள் முழுதும் உழைத்தவர் இனி எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்பது ஒன்று. சும்மா இருந்தால் உடலும் மனமும் கெடும், ஆகவே நாள் முழுதும் எதிலாவது ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. ஆனால் இரண்டுமே முதியவர் எத்தனை மணி நேரம் எதையாவது செய்துகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் அளக்கின்றன. அவருடைய வாரம் யாருடைய முடிவின்படி நடக்கிறது என்பதை அவை கேட்பதில்லை. ஓய்வுக்காலத்தின் நிறைவு இந்தக் கேள்வியிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்று கருதுவதற்கு ஆய்வுகளிலும் நடைமுறையிலும் போதிய காரணங்கள் உள்ளன.

நீண்டுவிட்ட காலம்

பணி ஓய்வு என்பது வாழ்வின் தனிப் பருவமாக உருப்பெற்றது அண்மைக் காலத்தில்தான். பிரித்தானியாவில் 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தின்படி முதல் ஓய்வூதியம் 1909 ஜனவரி 1 அன்று வழங்கப்பட்டது. எழுபது வயதை எட்டிய, குறைந்த வருமானமுள்ளோருக்கு மட்டும் வாரத்துக்கு 5 ஷில்லிங் வரையில் கிடைத்தது. அன்று எழுபதை எட்டியவர்கள் சிலரே. எட்டியவர்களுக்கும் எஞ்சியிருந்த காலம் பெரும்பாலும் குறுகியது. ஆகவே அந்தக் காலத்தை எப்படிச் செலவிடுவது என்பது பொதுமக்களின் கவலையாக எழவில்லை.

இன்று நிலை முற்றிலும் வேறு. அரசு ஓய்வூதிய வயது ஆண், பெண் இருபாலாருக்கும் 2020ஆம் ஆண்டில் 66 ஆனது. 2026க்கும் 2028க்கும் இடையில் அது படிப்படியாக 67 ஆகிறது. பிரித்தானியாவில் 65 வயதை எட்டும் ஆண் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகளுக்கு மேலும், பெண் ஏறத்தாழ 21 ஆண்டுகளும் வாழ்வார் என எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு குழந்தை பிறந்து பல்கலைக்கழகம் சேரும் அளவுக்கு நீண்ட இக்காலத்தை வெறும் இளைப்பாறலாக மட்டும் கருதுவது கடினம். அதை மற்றொரு பணிக்காலமாக மாற்றிவிடுவதும் பொருந்தாது.

கேம்பிரிட்ஜ் வரலாற்றறிஞர் பீட்டர் லாஸ்லெட் 1989இல் வெளியிட்ட நூலொன்றில் மனித வாழ்வை நான்கு பருவங்களாகப் பிரித்தார். சார்ந்திருந்து கற்கும் இளமை முதலாம் பருவம். பொருளீட்டலும் குடும்பப் பொறுப்பும் இரண்டாம் பருவம். அவற்றிலிருந்து விடுபட்டு, உடல்நலம் நீடிக்கும் வரை தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் காலம் மூன்றாம் பருவம். தளர்ச்சியும் பிறரைச் சார்தலும் நான்காம் பருவம். மூன்றாம் பருவத்துக்கென்று சமூகம் இன்னும் சரியான அமைப்புகளை உருவாக்கவில்லை என்பது அவருடைய வாதத்தின் மையம். மிகுந்த பொழுதும் ஓரளவு உடல்நலமும் உள்ள இப்பருவத்துக்கு முன்னோரின் வழக்கத்திலிருந்து ஆயத்தமான முன்மாதிரி கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ தஞ்சையிலோ தம் பாட்டனார் வாழ்ந்த முதுமையைக் கண்டு வளர்ந்து, லண்டனில் முதுமை எய்தும் தமிழருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஒதுங்குதலும் பரபரப்பும்

முதுமையில் எவ்வளவு ஈடுபாடு நல்லது என்பது குறித்து இருபதாம் நூற்றாண்டின் சமூகவியலாளர் நெடுங்காலம் வாதிட்டனர். 1961இல் அமெரிக்க ஆய்வாளர்களான எலெய்ன் கமிங்கும் வில்லியம் ஹென்றியும் முன்வைத்த விலகல் கோட்பாடு, முதியவர் தம் பொறுப்புகளிலிருந்து மெல்ல விலகுவதும் சமூகம் அவரை விடுவிப்பதும் இயல்பானவை, இரு தரப்புக்கும் நன்மையானவை என்றது. இதற்கு நேர்மாறாக ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் முதலியோர் வளர்த்த செயற்பாட்டுக் கோட்பாடு, நடுவயதின் ஈடுபாடுகளை இயன்றவரை தொடர்வோரும், இழந்தவற்றுக்கு மாற்றுகளைத் தேடிக்கொள்வோருமே நிறைவுடன் முதுமையடைகின்றனர் என்றது. பின்னர் ராபர்ட் ஆட்ச்லி வகுத்த தொடர்ச்சிக் கோட்பாடு, மனிதர்கள் முதுமையிலும் தம் பழைய இயல்பையும் பழக்கங்களையும் உறவுகளையும் தொடரவே விரும்புகின்றனர் என்றும், ஆகவே அனைவருக்கும் பொதுவான ஒரே அளவு இல்லை என்றும் விளக்கியது.

இவற்றுக்கிடையே டேவிட் எகர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1986இல் எழுதிய கட்டுரை லண்டன் தமிழரின் நிலையை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது. உழைப்பை ஒழுக்கமாகப் போற்றும் சமூகங்களில், ஓய்வு பெற்றவர் தம் ஓய்வை நியாயப்படுத்திக்கொள்ளும் பொருட்டு, தாம் ஓயாமல் எதையோ செய்துகொண்டிருப்பதாகப் பிறருக்கும் தமக்கும் காட்டிக்கொள்கிறார் என்பது அவருடைய கருத்து. இப்போக்கை அவர் பரபரப்பின் அறம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். கோயில் மண்டபத்திலோ திருமண வீட்டிலோ சந்திக்கும்போது இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும் உறவினருக்கு, ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லத் தயங்கி, பொறுப்புகளின் பட்டியலொன்றைச் சொல்லும் முதியவர்கள் பலர். உழைத்தே மதிப்பைப் பெற்ற ஒரு தலைமுறை, உழைப்பு நின்றதும் மதிப்பும் நின்றுவிடுமோ என்று அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தால் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு, விரும்பி ஏற்ற பொறுப்பைப் போல மகிழ்ச்சி தருவதில்லை.

ஆட்ச்லி 1970களில் ஓய்வின் படிநிலைகளையும் விவரித்தார். ஓய்வு பெற்றவுடன் பலருக்குத் தேனிலவு போன்ற உற்சாகக் காலமொன்று வாய்க்கிறது. பயணங்களும் விருந்துகளும் தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளும் அதை நிரப்புகின்றன. அது வடிந்தபின் சிலருக்கு ஏமாற்றமும் வெறுமையும் தோன்றுகின்றன. பிறகு தம் நிலையை மறுமதிப்பீடு செய்து, நிலையான நடைமுறையொன்றை அமைத்துக்கொள்கின்றனர். எல்லோரும் இதே வரிசையில் செல்வதில்லை என்றாலும், வெறுமை தோன்றுவது தோல்வியின் அடையாளமன்று, பலர் கடக்கும் ஒரு கட்டமே என்பதை அறிந்திருப்பது முதியவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் துணிவு தரும்.

எவ்வளவு பொழுது போதும்?

ஓய்வு நேரத்தின் அளவுக்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பை மரிஸா ஷரீஃப், கேசி மோகில்னர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்டு ஆகிய மூவரும் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். பல்லாயிரம் அமெரிக்கர்கள் தம் நேரத்தைச் செலவிட்ட விதம் பற்றிய தரவுகளிலிருந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் வரையில் ஓய்வு நேரம் கூடக்கூட மனநிறைவும் கூடியது. ஏறத்தாழ 5 மணி நேரத்தைத் தாண்டியபின் அது குறையத் தொடங்கியது. நேரம் மிகவும் குறைந்தால் மன அழுத்தமும், மிகவும் மிகுந்தால் பயனற்றிருக்கும் உணர்வும் இதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. ஆனால் மிகுந்த ஓய்வு நேரத்தைப் பிறரோடு கூடியோ, பயனுள்ளதாகத் தாம் கருதும் செயல்களிலோ செலவிட்டவர்களிடம் இக்குறைவு பெரிதும் மறைந்தது. ஆகவே நேரம் மிகுந்திருப்பது அதனளவில் தீங்கன்று. தனிமையிலும் நோக்கமின்றியும் கழியும்போதுதான் அது சுமையாகிறது.

லண்டனிலேயே நடைபெற்றுவரும் ஒயிட்ஹால் ஆய்வுகள் இன்னும் நெருக்கமான சான்றுகளைத் தருகின்றன. ஒயிட்ஹால் என்பது பிரித்தானிய அரசு அலுவலகங்கள் அமைந்துள்ள வீதி. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு, லண்டனில் பணியாற்றிய 10,308 அரசு ஊழியர்களின் உடல்நலத்தைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. இவ்வூழியர்கள் ஓய்வு பெற்றபின் அவர்களுடைய நினைவாற்றல் எவ்வாறு மாறியது என்பதை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, சொற்களை நினைவிற்கொள்ளும் திறன் ஓய்வுக்கு முன்னரைவிடப் பின்னர் 38 விழுக்காடு விரைவாகக் குறைந்ததைக் கண்டது. ஆராயப்பட்ட பிற அறிதிறன்களில் ஓய்வின் தாக்கம் தெளிவாகப் புலப்படவில்லை. பயன்படுத்தாத திறன் தேய்கிறது என்னும் கருத்துக்கு இது ஆதரவளிக்கிறது.

அதே ஆய்விலிருந்து 1997இல் வெளிவந்த மற்றொரு முடிவு, தம் வேலையை எப்படிச் செய்வது என்று தாமே முடிவுசெய்யும் உரிமை குறைந்தவர்களிடம் இதய நோய் மிகுந்திருந்ததைக் காட்டியது. இது பணியில் இருந்தோரைப் பற்றிய முடிவு. அதை ஓய்வுக்காலத்துக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. எனினும், தன் நாளைத் தானே ஆளும் உரிமை மனிதரின் நலத்தோடு எவ்வளவு ஆழமாகப் பிணைந்திருக்கிறது என்பதை அது உணர்த்துகிறது. மேலதிகாரியின் கட்டளையிலிருந்து விடுபட்டவர், வீட்டாரின் எதிர்பார்ப்புக்கோ சங்கத்தின் நெருக்குதலுக்கோ தம் வாரம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டால், ஓய்வு தந்த மிகப் பெரிய செல்வத்தை இழந்தவராகிறார்.

லண்டன் தமிழரின் தனிச்சூழல்

பெற்றோல் நிலையங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் இரவுப் பணி செய்தும், ஒரே நாளில் இரு வேலைகள் பார்த்தும், பின்னர் சிறு கடையொன்றை வாங்கி வாரம் ஏழு நாளும் திறந்துவைத்தும் வாழ்ந்தவர்கள் இத்தலைமுறையில் ஏராளம். வீட்டுக் கடனும், ஊரில் இருந்த உடன்பிறந்தோரின் படிப்பும் திருமணமும், போர்க்காலத்தில் உறவினரைக் காப்பாற்றும் செலவும் அவர்களுடைய உழைப்பை நம்பியிருந்தன. பொழுதுபோக்கு ஒன்றைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. ஊரில் விட்டுவந்த மிருதங்கமோ மேடை நாடகமோ கரப்பந்தாட்டமோ நாற்பது ஆண்டுகள் தீண்டப்படாமல் கிடந்தது. இவர்களுக்கு ஓய்வு நேரத்தை அனுபவிப்பது புதிதாகப் பழக வேண்டிய ஒன்றாக இருக்கிறது. முதல் சில மாதங்களில் அது கைகூடாததைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை.

கடை நடத்தியவர்களுக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று வருவதே இல்லை. மகனோ மருமகனோ பொறுப்பேற்ற பின்னரும், காலையில் ஷட்டரைத் தூக்கவும் கணக்குப் பார்க்கவும் அவர்கள் போய்க்கொண்டே இருக்கின்றனர். விருப்பத்தோடு செய்யும்வரை அது நல்ல பழக்கமே. ஆனால் எந்தெந்த நாள்களில், எந்த வேலைக்குப் பொறுப்பு என்பது பேசி முடிவாகாவிட்டால், ஒரே கடைக்கு இரு முதலாளிகள் இருக்கும் மனக்கசப்பு தோன்றிவிடும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இச்சமூகத்தில் ஓய்வு பெற்றோரின் வாரத்தை நிரப்பும் மிகப் பெரிய கடமை. லண்டனில் குழந்தைக் காப்பகங்களின் கட்டணம் மிக உயர்ந்தது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இளங்குடும்பங்கள் பெற்றோரின் உதவியின்றிச் சமாளிப்பது கடினம். பள்ளியில் விட்டு அழைத்துவருவதும், மாலை உணவு ஊட்டுவதும், தமிழ்ப் பேச்சுப் பழக்குவதும் தாத்தா பாட்டிக்கு ஈடற்ற மகிழ்ச்சி தருகின்றன. இரு தலைமுறைகளுக்கிடையே மொழி உயிர்ப்போடு இருப்பதற்கு இதுவே வலிமையான வழி. ஆயினும் வாரத்தின் ஐந்து நாள்களும் காலை முதல் மாலை வரை இக்கடமைக்கே போனால், அது ஊதியமில்லாத முழுநேர வேலையாகிவிடுகிறது. எந்தெந்த நாள்கள், எத்தனை மணி வரை, பள்ளி விடுமுறையில் எவ்வாறு என்பதைத் தொடக்கத்திலேயே பிள்ளைகளோடு பேசித் தீர்ப்பது பாசத்தைக் குறைப்பதில்லை; அது பாசத்தை நீடிக்கச் செய்கிறது. அரசு ஓய்வூதிய வயதை எட்டாத தாத்தா பாட்டியர் 12 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், உரிய நிபந்தனைகளின்படி தேசியக் காப்புறுதி வரவாக அக்காலத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதி 2011 முதல் இருக்கிறது என்பதும் பலர் அறியாத ஒன்று.

பெண்களின் ஓய்வு தனியே கவனிக்கத்தக்கது. மருத்துவமனையிலோ பள்ளியிலோ தொழிற்சாலையிலோ பல ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெண்ணுக்குச் சமையலறையிலிருந்து ஓய்வு கிடைப்பதில்லை; கணவரும் ஓய்வு பெற்றதும் மூன்று வேளைச் சமையலும் தேநீரும் கூடிவிடுகின்றன. ஒரு வீட்டில் ஒருவருடைய ஓய்வு நேரம் மற்றவருடைய உழைப்பின்மீது அமைந்திருந்தால், அந்த வீடு இன்னும் சமநிலையை எட்டவில்லை. சமையலிலும் கடைக்குப் போவதிலும் துணி துவைப்பதிலும் கணவர் தம் பங்கை ஏற்பதே தம்பதியர் இருவரின் ஓய்வுக்கும் அடித்தளம்.

இவற்றோடு லண்டனின் குளிர்காலம் சேர்கிறது. ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும் பகல், டிசம்பர் பிற்பகுதியில் 8 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கி, மாலை 4 மணியளவில் இருட்டிவிடுகிறது. வெப்ப நாட்டில் பிறந்து மூட்டுவலியோடு வாழும் முதியவர், நவம்பர் முதல் பெப்ருவரி வரை வீட்டைவிட்டு வெளியே செல்லாமலே காலத்தைக் கழித்துவிடுவது எளிது. தொலைக்காட்சித் தொடர்களும் கைபேசியில் வந்து குவியும் காணொளிகளும் அவ்விடத்தை நிரப்பினாலும், அவை ஒருவரோடு நேரில் பேசிச் சிரிப்பதற்கு ஈடாவதில்லை.

நகரம் திறந்துவைத்திருக்கும் கதவுகள்

முதியோருக்கு லண்டன் தரும் வாய்ப்புகள் பல. அவற்றுள் முதன்மையானது இலவசப் பயணம். 1973இல் தொடங்கிய ஃப்ரீடம் பாஸ் என்னும் பயண அட்டை, லண்டனில் வசிக்கும் ஓய்வூதிய வயதினர் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் கட்டணமின்றிச் செல்ல வழிசெய்கிறது. வார நாள்களில் காலை 9 மணிக்குப் பின்னரும் வார இறுதியில் எந்நேரமும் அதைப் பயன்படுத்தலாம். 60 வயதை எட்டியும் ஓய்வூதிய வயதை எட்டாதோருக்கு 2012 முதல் தனி ஓய்ஸ்டர் அட்டை வழங்கப்படுகிறது. ஹாரோவில் இருப்பவர் ஈஸ்ட் ஹாமில் உள்ள பழைய நண்பரைப் பார்க்கச் செலவின்றிப் போய்வரலாம் என்பதால், பெருநகரத்தில் சிதறிக்கிடக்கும் ஊரவரையும் பள்ளித் தோழரையும் மீண்டும் இணைக்கும் பாலமாக இவ்வட்டை விளங்குகிறது.

கற்பதற்கும் நெடிய மரபு இங்குண்டு. கேம்டனில் உள்ள வொர்க்கிங் மென்ஸ் காலேஜ் 1854இலும், மோர்லி காலேஜ் 1889இலும், நகர மையத்தில் உள்ள சிட்டி லிட் 1919இலும் வேலை செய்யும் பெரியவர்களுக்கென்றே தொடங்கப்பட்டவை; ஓவியம், மொழி, கணினி, இசை, வரலாறு எனப் பகல் வேளையிலும் வகுப்புகள் அங்கே நடைபெறுகின்றன. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வேலாஸ் தொடங்கிய மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்னும் இயக்கத்தை, 1980களின் தொடக்கத்தில் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் பிரித்தானியாவில் புதிய வடிவில் நிறுவினர். பேராசிரியரும் தேர்வும் பட்டமும் இல்லாமல், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் கற்பிக்கும் சிறு குழுக்களாக அது லண்டனின் பல பகுதிகளில் இயங்குகிறது. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அங்கே பறவைகளைப் பற்றிக் கற்கவும், தாம் அறிந்த தென்னிந்தியச் சமையலைக் கற்பிக்கவும் முடியும். ஆங்கிலத்தில் கூச்சமுள்ளவர்களுக்கு, மேற்கு கென்சிங்டனில் பழைய தேவாலயக் கட்டடமொன்றில் இயங்கும் பாரதிய வித்யா பவனின் இசை, யோக வகுப்புகளும், தமிழ்ச் சங்கங்களின் நிகழ்ச்சிகளும் நல்ல தொடக்கமாகும்.

உடல் இயக்கத்தின் பயனை உலகுக்கு முதன்முதலில் தெளிவாகக் காட்டியதும் இந்நகரமே. ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டு வழங்கிய நடத்துநர்களிடம் இதய நோய் குறைவாக இருந்ததைக் கண்டார். அவரே உடற்பயிற்சியைக் கைவிடாமல் 99 வயது வரை வாழ்ந்தார். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரு நாள்களில் தசை வலிமைக்கும் தடுமாறாமல் நிற்பதற்குமான பயிற்சிகளும் 65 வயதைக் கடந்தோருக்கு வேண்டும் என்று பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகள் அறிவுறுத்துகின்றனர். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன், இன்று சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குப் பல பூங்காக்களில் கட்டணமின்றி நடைபெறுகிறது. அதன் 5 கிலோமீற்றர் தொலைவை ஓடாமல் நடந்தே முடிப்பவர்களும் வரவேற்கப்படுகின்றனர்.

தொண்டு செய்ய விரும்புவோருக்கு ஹைகேட் முருகன் கோயில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில், ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் போன்ற ஆலயங்களும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், பழைய மாணவர் சங்கங்களும் என்றும் வேலை வைத்திருக்கின்றன. அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கும் கூட்டத்தில் ஒருவராக அமர்வது பல முதியவர்களுக்கு வாரத்தின் மிக மகிழ்ச்சியான மணிநேரம். தனிமையால் வாடுவோர் தம் குடும்ப மருத்துவரிடம் அதைச் சொல்லலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. கிழக்கு லண்டனின் ப்ரொம்லி பை போ மையம் போன்றவை முன்னோடியாக வளர்த்தெடுத்த சமூகப் பரிந்துரை என்னும் முறையில், மருந்துக்கு மாறாகவோ மருந்தோடு சேர்த்தோ நடைக்குழு, தோட்ட வேலை, கைவினை வகுப்பு போன்றவற்றோடு நோயாளியை இணைத்துவிடும் பணியாளர்கள் இப்போது தேசிய சுகாதாரச் சேவையில் அமர்த்தப்பட்டுள்ளனர்.

வாரத்தை வகுக்கும் முறை

வாய்ப்புகள் இத்தனை இருக்கும்போது, எல்லாவற்றிலும் சேர்ந்துவிடும் ஆசையும் எழுகிறது. அதைத் தவிர்க்க எளிய வழி, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நிலையான ஈடுபாடுகளை மட்டும் நாட்டி, எஞ்சிய நாள்களைத் திறந்து வைப்பதாகும். அவற்றுள் ஒன்று உடலுக்கும், ஒன்று அறிவுக்கும், ஒன்று பிறருக்கும் பயன்படுவதாக அமைந்தால், ஆய்வுகள் சுட்டும் மூன்று தேவைகளும் நிறைவேறும். நிலையான நாளும் நேரமும் இருப்பது முக்கியம். செவ்வாய்க்கிழமை வகுப்பு என்று ஒன்று இருந்தால்தான் செவ்வாய்க்கும் புதனுக்கும் வேறுபாடு தெரியும், வராவிட்டால் தேடுவதற்கும் ஆள்கள் இருப்பார்கள்.

புதிய பொறுப்பு எதையும் முடிவுத் தேதியோடு ஏற்பது நன்று. கல்லூரி வகுப்புகள் தவணை முறையில் நடப்பதால், பிடிக்காவிட்டால் தவணை முடிவில் மனவருத்தமின்றி நின்றுவிடலாம். கோயில் அறங்காவலர் பதவியும் சங்கச் செயலாளர் பதவியும் அப்படியல்ல. ஏற்றவர் விடுபட வழியின்றிப் பல ஆண்டுகள் சுமப்பதும், கருத்து வேறுபாடுகளில் உறக்கம் இழப்பதும் காணப்படுகின்றன. ஓராண்டுக்கு அல்லது இரண்டாண்டுக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பவர், தம் நலத்தையும் காத்து இளையவருக்கும் இடம் விடுகிறார்.

ஆண்டையும் பருவங்களாகப் பிரித்துத் திட்டமிடலாம். கோடையில் தோட்டம், பூங்கா, தேர்த்திருவிழா, விருந்தினர் எனத் தானாகவே நாள்கள் நிரம்புவதால் அப்போது வகுப்புகளைக் குறைத்து, இருள் மிகும் மாதங்களில் வீட்டுக்கு வெளியிலான ஈடுபாடுகளைக் கூட்டுவது பொருத்தமானது. குளிர்காலத்தைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கழிக்க விரும்புவோர் ஓய்வூதிய விதிகளை முன்கூட்டியே அறிய வேண்டும்: இந்தியாவிலோ இலங்கையிலோ நிலையாகக் குடியேறியவரின் பிரித்தானிய அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை, குறைந்த வருமானமுள்ளோருக்கான பென்ஷன் கிரெடிட் என்னும் உதவித்தொகை நான்கு வாரங்களுக்கு மேற்பட்ட வெளிநாட்டுத் தங்கலால் பொதுவாக நின்றுவிடும்.

பொருள் நிலையும் நேரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசு ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுகளின் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். 2025–26 நிதியாண்டில் அதன் முழுத்தொகை வாரம் 230.25 பவுண்டு. நடுவயதில் வந்தவர்களுக்கும் பதிவில்லாத வேலை செய்தவர்களுக்கும் அது முழுமையாகக் கிடைக்காமல் போகலாம் என்பதால், ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னரே பதிவைச் சரிபார்ப்பது அவசியம். கட்டாய ஓய்வு வயது 2011இல் நீக்கப்பட்டுவிட்டது. வேலை நேரத்தைக் குறைக்குமாறு பணியின் முதல் நாளிலிருந்தே கோரும் உரிமை 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. கோரிக்கையை உரிய காரணம் காட்டி முதலாளி மறுக்கலாம் என்றாலும், ஐந்து நாளை நான்காகவும் பின்னர் மூன்றாகவும் குறைத்து வருவோர், ஒரே நாளில் அனைத்தையும் நிறுத்துவோரைவிடத் தம் புதிய வாரத்தைப் பழகிக்கொள்ளக் கூடுதலான அவகாசம் பெறுகின்றனர்.

இவ்வளவு திட்டத்துக்குப் பின்னரும், எதற்கும் ஒதுக்கப்படாத பொழுது வாரத்தில் இருந்தே ஆக வேண்டும். காலையில் அவசரமின்றிச் செய்தித்தாள் படிப்பதும், வானொலியில் பழைய பாடலைக் கேட்பதும், மதிய உறக்கமும், சாளரத்தருகே வெறுமனே அமர்ந்திருப்பதும் குற்றங்களல்ல. பல ஆண்டு இரவுப் பணியால் உறக்கத்தைப் பறிகொடுத்தவர் அதை மீட்டுக்கொள்ளும்போது எவருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். பிள்ளைகளும் பெற்றோரின் வெற்றுப் பொழுதைக் கண்டு கவலைப்பட்டு உடனே ஒரு வகுப்பில் சேர்த்துவிட முனையாமல், அவர்கள் விரும்பியே அப்படியிருக்கின்றனரா, வேறு வழியின்றி இருக்கின்றனரா என்று முதலில் கேட்க வேண்டும்.

புறநானூற்றில் பிசிராந்தையாரிடம், ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாதது ஏன் என்று கேட்கப்பட்டபோது, அவர் சுட்டியவை மாட்சியுள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், முறைதவறாத வேந்தன், ஊரில் வாழும் அடங்கிய சான்றோர் ஆகியோரைத்தான். நல்ல முதுமை ஒருவரால் தனித்து உருவாக்கப்படுவதில்லை என்னும் இவ்வுண்மை லண்டனிலும் மாறவில்லை: வேலையைப் பகிரும் துணையும், எல்லையை மதிக்கும் பிள்ளைகளும், பயணத்தையும் கல்வியையும் மருத்துவத்தையும் எட்டச் செய்யும் அரசும், தேடி வந்து பேசும் அயலாரும் அதற்கு வேண்டும். ஆகவே ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் உள்ள ஆலயங்களும் சங்கங்களும் விழாக்களுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பகுதியைத் தம் முதியோரின் வெறும் செவ்வாய்க்கிழமைகளுக்குத் திருப்ப வேண்டும்: வாரம் ஒரு பகற்பொழுதாவது மண்டபத்தைத் திறந்து, தேநீரும் பேச்சும் நடையும் கற்றலும் கிடைக்கச் செய்து, வர விரும்புவோரை வரவேற்று, வர விரும்பாதவரின் ஓய்வையும் மதிக்க வேண்டும். இந்நகரத்தில் தமிழருக்கு வீடும் கல்வியும் கோயிலும் கட்டித்தந்த தலைமுறைக்குச் சமூகம் செலுத்தக்கூடிய மிகச் சிறந்த நன்றி, அவர்களுடைய நேரத்தை அவர்களுக்கே உரியதாக விட்டுக்கொடுப்பதுதான்.